விசாரிக்கப்பட வேண்டியவர் யார்?

வெளிநாட்டுப் பணிக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனம், பணி ஆணை வழங்கும் முன் அவருடைய பின்புலத்தைச் சரிபார்ப்பது இன்று பொது வழக்கமாகிவிட்டது. திருப்பூரில் பணியாற்றும் ஒரு பேட்டர்ன் மாஸ்டரோ மெர்ச்சண்டைசரோ வளைகுடா நாடொன்றில் வேலை தேடினால், கல்விச் சான்றிதழ், அனுபவச் சான்று, காவல் துறையின் தடையின்மைச் சான்று எனப் பலவற்றைத் தந்தாக வேண்டும். கடவுச்சீட்டு அலுவலகத்தின் வழியாகப் பெறும் காவல் துறைச் சான்றுக்கு 500 ரூபாய் கட்டணம். ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் செல்வதென்றால், பட்டச் சான்றிதழ் மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்நாட்டுத் தூதரகம் என மூன்று இடங்களில் முத்திரை பெற வேண்டும்.

இதில் தவறு காண முடியாது. பொருளாதாரத்தில் இதற்குத் தெளிவான காரணம் உண்டு. பழைய கார் வாங்குபவருக்கு அதன் உண்மை நிலை தெரியாது, விற்பவருக்குத் தெரியும். இந்தத் தகவல் ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே எவ்வாறு கெடுக்கும் என்பதை ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் விளக்கினார். நல்ல வண்டிக்கும் மோசமான வண்டிக்கும் வேறுபாடு தெரியாதபோது, வாங்குபவர் எல்லாவற்றுக்கும் குறைந்த விலையே தர முன்வருவார். நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையைவிட்டு விலகிவிடுவார். 2001இல் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது இந்த ஆய்வுத் துறைதான். தொழிலாளர் சந்தைக்கும் இது பொருந்தும். போலிச் சான்றிதழ்கள் பெருகினால், உண்மையாகப் படித்துத் தேறியவரின் சான்றிதழும் மதிப்பிழக்கும். சரிபார்ப்பு அவரைக் காக்கிறது.

ஆனால், தொழிலாளர் சந்தையில் அறியாமை இரு பக்கமும் உண்டு. தொழிலாளியைப் பற்றி முதலாளிக்குத் தெரியாதது போலவே, முதலாளியைப் பற்றித் தொழிலாளிக்கும் தெரியாது. நான் கல்லூரியில் பணியாற்றிய ஆண்டுகளில், முன்னாள் மாணவர்களின் பட்டம் உண்மையானதா என்று கேட்டு நிறுவனங்களின் சார்பில் கடிதங்கள் வருவதுண்டு. உரிய பதிலை அனுப்பிவைப்போம். அந்த நிறுவனம் உண்மையானதா, சொன்ன ஊதியத்தைத் தருமா என்று அம்மாணவர் கேட்டறிய இதற்கு இணையான ஏற்பாடு எதையும் நான் கண்டதில்லை.

இதன் விளைவை அண்மை ஆண்டுகளில் கண்டோம். தாய்லாந்தில் கணினி சார்ந்த வேலை என்ற விளம்பரத்தை நம்பிச் சென்ற இளைஞர்கள், எல்லை கடத்தி மியான்மருக்குக் கொண்டுசெல்லப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் தமிழக இளைஞர்களும் இருந்தனர். 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விடுத்தது. அதற்குப் பிறகும் 2025 மார்ச்சில் இரண்டு விமானப்படை விமானங்களில் 549 இந்தியர்களை மீட்டு வர வேண்டியிருந்தது.

நம் சட்டம் இந்த ஆபத்தை அறியாததன்று. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம், ஆள்சேர்ப்பு முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் என விதிகள் உச்சவரம்பு வகுத்துள்ளன. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி பெற வேண்டும். தாய்லாந்தும் அந்தப் பட்டியலில் உள்ளது. ஆயினும், பட்டதாரிகளுக்கு இந்த அனுமதி தேவையில்லை. சுற்றுலா விசாவில் செல்பவர் எந்தச் சோதனைக்கும் உட்படுவதில்லை. மோசடிக்காரர்கள் நுழைந்தது இந்த இடைவெளியில்தான்.

திருப்பூர் இந்தப் பிரச்சினையின் மறுபக்கத்தையும் அறிந்த ஊர். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாயைக் கடந்து ஏற்றுமதி செய்யும் இந்தப் பின்னலாடை நகரம், பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வரும் உழைப்பாளர்களைச் சார்ந்திருக்கிறது. 2025 ஜனவரியில், உரிய ஆவணங்களின்றித் தங்கியிருந்ததாக வங்கதேசத்தவர் 31 பேர் பல்லடம் பகுதியில் கைதானபோது, தொழிலாளர்களின் ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும் என்ற குரல் வலுத்தது. அது நியாயமே. ஆனால், ஆவணமற்ற ஒருவர் தானாக ஒரு பனியன் கம்பெனியின் தையல் மெஷின் முன் வந்து அமர்ந்துவிடுவதில்லை. அழைத்து வந்தவர், அறை பிடித்துத் தந்தவர், கூலியில் பங்கு பெற்றவர் என ஒரு சங்கிலி இருக்கும்.

1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் கை வைத்ததும் அந்தச் சங்கிலியில்தான். ஒப்பந்தக்காரர் உரிமம் பெற வேண்டும். ஊதிய விவரங்கள் அடங்கிய, புகைப்படம் ஒட்டிய கையேட்டைத் தொழிலாளியிடம் தர வேண்டும் என்று அது விதித்தது. 2020ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதைத் தன்னுள் சேர்த்துக்கொண்டுள்ளது. தானாக வேலை தேடி வருபவரையும் புதிய சட்டம் கணக்கில் கொள்வது முன்னேற்றம். சட்டம் பொருந்துவதற்கான வரம்பு ஐந்து தொழிலாளர்களிலிருந்து பத்தாக உயர்ந்தது பின்னடைவு. சிறு ஜாப் ஒர்க் கூடங்கள் நிறைந்த ஊரில் இந்த வேறுபாடு சிறியதன்று.

இரு சட்டங்களும் விசாரிக்கச் சொன்னது இடைத்தரகரை. நடைமுறையில் நாம் விசாரிப்பது தொழிலாளியை. அவரிடம் ஆதார் கேட்பது எளிது. ஒப்பந்தக்காரரிடம் உரிமம் கேட்பது சங்கடம்.

திருப்பூர் தொழில்முனைவோருக்கு இது புரியாததன்று. ஆர்டர் தருவதற்கு முன் வெளிநாட்டு பையர்கள் அவர்களுடைய தொழிற்சாலைகளுக்குத் தணிக்கையாளர்களை அனுப்புகிறார்கள். வயதுச் சான்று முதல் தீயணைப்புக் கருவி வரை சோதிக்கப்படுகிறது. குறை இருந்தால் எழுத்தில் தெரிவித்து, திருத்த அவகாசம் தருவது அங்கே வழக்கம். அந்த நாகரிகம் வேலை தேடுபவருக்கும் வேண்டும்.

சரிபார்ப்பு பணிக்குத் தொடர்புடையதாக இருக்க வேண்டும். அதன் செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். அறிக்கையின் நகலைத் தந்து விளக்கம் கேட்க வேண்டும். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது. முதல் தகவல் அறிக்கையில் பெயர் இருப்பதும் குற்றம் நிரூபிக்கப்படுவதும் ஒன்றல்ல. அவதார் சிங் வழக்கில் 2016இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இளம் வயதில் நேர்ந்த அற்ப வழக்கை மறைத்தார் என்பதற்காக மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவராக்க வேண்டியதில்லை என்றது. அது அரசுப் பணி தொடர்பானது. எனினும் அதன் அறம் தனியாருக்கும் ஏற்றது.

வெளிநாடு செல்பவரும் தம் பங்குக்கு விசாரிக்க வேண்டும். முகவரின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். சுற்றுலா விசாவில் வேலைக்கு அழைப்பவரை மறுத்துவிட வேண்டும். பணி ஒப்பந்தம் கைக்கு வரும் முன் பணம் தரக் கூடாது. 1978இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகலாம்.

எனினும், கடன் வாங்கிப் பயணச்சீட்டு எடுக்கும் ஒரு குடும்பத்திடம் முழுப் பொறுப்பையும் சுமத்த முடியாது. பதிவு பெற்ற முகவர்கள், தடை செய்யப்பட்டவர்கள், புகாருக்குள்ளான வெளிநாட்டு நிறுவனங்கள் ஆகியோரின் பட்டியலைத் தமிழில் வெளியிட்டு, ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் ஒட்டிவைக்க அரசால் முடியும். திருப்பூரிலிருந்தே அதைத் தொடங்கலாம்.