அளவெடுத்த வண்டி

வாலாஜாபாத் பக்கம் மாற்றுத்திறனாளிகளின் மூணு சக்கர வண்டி என்றாலே ஒரே உருவம்தான். முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு, நெஞ்சுக்கு நேரே கையால் சுற்றும் பெடல், அதிலிருந்து இறங்கும் சங்கிலி. 1972இல் கான்பூரில் தொடங்கிய அலிம்கோ நிறுவனமும், 1981இல் வந்த ஒன்றிய அரசின் ‘அடிப்’ உதவித் திட்டமும் இப்படிப்பட்ட கருவிகளை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன. தரையில் கையூன்றி நகர்ந்தவர் கடைத்தெருவுக்குத் தலைநிமிர்ந்து வந்தது அந்த வண்டியால்தான். அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் ஒல்லியானவருக்கும் பருத்தவருக்கும் இருக்கை ஒன்றே. போலியோவில் கால் சூம்பியவருக்கும், மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவருக்கும் அதே வண்டி. போலியோ தாக்கிய காலில் உணர்ச்சி இருக்கும். தண்டுவடம் அறுந்தவருக்கு அடியில் உறுத்துவதே தெரியாது. கெட்டி இருக்கையில் மணிக்கணக்கில் உட்கார்ந்தால் புண் வைத்து எலும்புவரை போகும். இருக்கை அகலம் கூடினால் உடம்பு ஒருபக்கம் சாய்ந்து, நாளடைவில் முதுகே கோணிவிடும். பெடல் கைக்கு வாட்டமாக இல்லாவிட்டால் தோள் தேயும். கால் செய்யும் வேலையையும் தோளே செய்கிறவருக்கு அதுவும் போனால் என்ன மிச்சம்?

ஆளுக்கேற்ற கருவி ஏதோ கணினிக் காலத்துப் புதுமை என்று எண்ண வேண்டாம். 1946 முதல் வேலூரில் பணிசெய்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சியற்ற கால் கல்லையும் ஆணியையும் அறியாமல் மிதித்துப் புண்ணாகியே தேய்கிறது என்று காட்டினார். அந்தப் புரிதலில் பிறந்ததுதான் மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்பு. பாதத்தில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று பார்த்து, அந்தக் காலுக்கென்றே செருப்பு செய்தார்கள். சக்கர நாற்காலிக்கு அந்தக் கவனம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

இப்போது வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையிலான ஆர்2டி2 மையம், உட்கார்ந்தவரே நெம்பி எழுந்து நிற்கக்கூடிய ‘அரைஸ்’ நாற்காலியை 2019இல் வெளியிட்டது. அங்கிருந்து கிளைத்த நியோமோஷன் நிறுவனத்தின் ‘நியோஃப்ளை’ நாற்காலியைப் பயன்படுத்துபவரின் உடலுக்கேற்ப 18 வகையில் மாற்றியமைக்கலாம். அதன் முன்னால் ‘நியோபோல்ட்’ மோட்டாரை மாட்டினால் ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர்வரை ஓடும். உத்திரமேரூர் சாலையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 2025இல் வந்த ‘ஒய்டி ஒன்’ நாற்காலி ஒன்பதே கிலோ, அளவெடுத்துத்தான் செய்கிறார்கள். பேச முடியாத பிள்ளைகளுக்கு ‘ஆவாஸ்’ செயலி இருக்கிறது. சென்னை வித்யாசாகர் அமைப்போடு சேர்ந்து அஜித் நாராயணன் உருவாக்கியது. படத்தைத் தொட்டால் அது பேசும். அந்தப் பிள்ளையின் வீட்டுச் சாப்பாட்டையே படமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

நியோஃப்ளையும் நியோபோல்ட்டும் அறிமுகமானபோது இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 95,000 ரூபாய். நெசவுக் கூலியில் அது எட்டாத தொகை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய வண்டியின் சங்கிலி அறுந்தால் தெருமுனை சைக்கிள் கடையில் மாட்டிக்கொள்ளலாம், கம்பி விட்டால் வெல்டிங் கடையில் ஒட்டிக்கொள்ளலாம். புது நாற்காலியின் பாகத்துக்குச் சென்னையைப் பார்த்துக் கிடக்கும்படி விடக் கூடாது. நம் ஊர் மெக்கானிக்குகளுக்கும் அந்த வேலையைப் பழக்க வேண்டும்.

அளவு நாடா உடம்போடு நின்றுவிடவும் கூடாது. நிலைப்படி எவ்வளவு உயரம், கதவு எவ்வளவு அகலம், கழிவறைக்குள் நாற்காலி திரும்புமா, தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்ற வேண்டுமா, கடைப் பலகைக்குக் கை எட்ட வேண்டுமா? வீட்டுக்கு வந்து பார்க்காமல் இவற்றை யாரும் எழுதிக்கொள்ள முடியாது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் அவசரம். எட்டு வயதில் பொருந்திய நாற்காலி பத்து வயதில் இடுப்பைப் பிடிக்கும். அடிப் திட்டத்தில் ஒருமுறை கருவி வாங்கினால் மறுமுறைக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது விதி. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கோ ஓராண்டு போதும். காலில் மாட்டும் காலிப்பர் இறுகிவிட்டது, நாற்காலி சிறுத்துவிட்டது என்றால் காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், ‘பிள்ளை வளர்ந்துட்டான், புதுசா அளவெடுங்க’ என்று கேளுங்கள்.