பக்கத்து வயலா, தூரத்துத் தாக்கா?

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோக நெல் விளையும் நிலம் 14,707 ஏக்கர். அங்கே வயல் தேடும் சம்சாரிக்கு ஒரு கேள்வி வரும். ஊரையொட்டித் துண்டு துண்டாகக் கிடைப்பதை எடுப்பதா, தள்ளிப்போய் ஒரே தாக்காகக் கிடைப்பதை எடுப்பதா? ஒரே தாக்கு என்றால் உழவும் நடவும் சுலபம். தூரம் என்றால் தினமும் நடை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் 2018-இல் மல்லுக்கட்டியதும் இதே கேள்வியோடுதான்.

கணினியின் நினைவகத்தை நிரல்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது கெர்னலின் வேலை. வழக்கமாக 4 கிலோபைட் துண்டுகளாகக் கொடுக்கும். பெரிய நிரல்கள் 512 துண்டுகளைச் சேர்த்து 2 மெகாபைட்டாகக் கேட்பதுண்டு. எது எங்கே என்று கெர்னல் குறித்துவைக்கும் பதிவேட்டில் 512 வரிக்குப் பதில் ஒரு வரி போதும், வேகம் கூடும். பெரிய சர்வர்களில் ஒவ்வொரு பிராசஸருக்கும் பக்கத்திலேயே சொந்த நினைவகம் உண்டு. அடுத்த பிராசஸரின் நினைவகத்துக்குப் போய்வர நேரம் பிடிக்கும்.

நிரல் பெரிய துண்டை வலியுறுத்திக் கேட்டால், பழைய கெர்னல் அதைப் பக்கத்திலேயே கொடுக்கப் பிடிவாதம் பிடித்தது. இடம் இல்லாதபோது அங்கிருந்த தரவுகளை டிஸ்க்குக்குத் துரத்தியது. தூரத்தில் காலியிடம் கிடந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. நிற்கிற பயிரை அழித்து இன்னொருவருக்கு வயல் கொடுத்த கதைதான். மெய்நிகர் கணினிகள் ஓடும் சர்வர்கள் இதில் திணறின. ரெட் ஹேட்டின் ஆண்ட்ரியா ஆர்க்காஞ்சலி இதைத் திருத்தினார்: தூரத்திலும் எடுக்கலாம் என்று வழிவிட்டார். லினக்ஸின் 4.20 பதிப்புக்கான வேலையில் அந்தத் திருத்தம் சேர்ந்தது.

ஆனால் அந்தத் திருத்தத்தால் இன்டெலின் தானியங்கிச் சோதனை ஒன்றில் வேகம் 61.3 விழுக்காடு சரிந்தது. தூரத்துப் பெரிய துண்டைவிடப் பக்கத்துச் சின்னத் துண்டுகளே மேல் என்று வாதிட்டார் கூகுளின் டேவிட் ரியன்ட்ஸ். டிசம்பர் 5-ஆம் தேதி லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தத் திருத்தத்தை விலக்கிக்கொண்டார். 4.20 வெளிவர 18 நாளே இருந்தது. அந்த நேரத்தில் அதுதான் சரியான முடிவு.

விவகாரம் அதோடு ஓயவில்லை. 2019 ஆகஸ்டில் அந்த விலக்கலே விலக்கப்பட்டு, ஆர்க்காஞ்சலியின் திருத்தத்தோடு 5.3 வெளிவந்தது. செப்டம்பர் கடைசியில் அந்த இரண்டாவது விலக்கலும் விலக்கப்பட்டது. பார்க்கிறவருக்கு இது தடுமாற்றமாகத் தோன்றலாம். உண்மையில் இரு தரப்பும் தங்கள் சர்வரில் கண்டதைத்தான் சொன்னார்கள். அந்தச் சர்வர்கள் சுமந்த வேலைதான் வேறு வேறு.

மூன்றாவது விலக்கலோடு புதிய ஏற்பாடும் வந்தது. கெர்னல் முதலில் பக்கத்தில் தேடும். பெரிய துண்டு சேரும் வாய்ப்பு குறைவென்றால் அங்கிருப்பதைத் துரத்தாது. வலியுறுத்திக் கேட்ட நிரலுக்கு மட்டும் பிறகு தூரத்திலும் தேடும். இந்த ஏற்பாட்டுடன் லினக்ஸ் 5.4 வெளிவந்த நாள் 2019 நவம்பர் 24.