காப்பித் தடம் – 17: ஏழு விதையும் ஒற்றைச் செடியும்

இலைத்துரு நோய் இலங்கையின் காப்பி மலைகளை மொட்டையடித்ததும், அந்த இடத்தில் தேயிலை ஏறியதும் போன வாரமே சொல்லியாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

இந்த வாரம் ஸ்டெனோஃபில்லா காப்பியின் ருசியை எழுதுவதாக வாக்கு. எழுதுகிறேன். ஆனால் அதற்காகப் படிக்க உட்கார்ந்தபோது வேறொரு சங்கதி சிக்கிக்கொண்டது. அதைச் சொல்லாமல் நகர மனமில்லை.

ஸ்டெனோஃபில்லா மேற்கு ஆப்பிரிக்காவின் சொந்தப் பிள்ளை. கினி, சியரா லியோன், ஐவரி கோஸ்ட் காடுகளில் முளைப்பது. 1834-ல் தாவரவியலில் பெயர் பெற்றது. பழம் சிவக்காது, நாவல்பழம் போலக் கறுக்கும். சியரா லியோனில் ஒரு காலத்தில் பயிரிட்டு ஏற்றுமதியும் செய்தார்கள். 1954-க்குப் பிறகு அந்நாட்டுக் காட்டில் அதைக் கண்டதாகப் பதிவே இல்லை. கியூ தாவரவியல் பூங்காவின் ஆரோன் டேவிஸ், கிரீனிச் பல்கலைக்கழகத்தின் ஜெரமி ஹாகர், சியரா லியோனின் காப்பி வல்லுநர் டேனியல் சார்மு ஆகிய மூவரும் 2018 டிசம்பரில் தேடிப் போனார்கள். கசேவே மலைக்காட்டில் அகப்பட்டது, ஒரே ஒரு செடி.

அப்புறம் என்ன, விதையெடுத்து நாற்றுப் போட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஸ்டெனோஃபில்லா தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பக்கத்தில் மரபால் வேறுபட்ட இன்னொரு செடி பூத்தால்தான் காய் பிடிக்கும். தனிச்செடி எத்தனை பூத்தாலும் உதிர்வதோடு சரி.

ரோபஸ்டாவும் இதே ஜாதிதான். காப்பிக் குடும்பத்தின் நூற்றுச்சொச்சம் இனங்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. அதில் ஒன்று அரபிகா. மற்ற இனங்களுக்குக் குரோமோசோம் 22, இதற்கு 44. ரோபஸ்டாவும் யூஜினியாய்டிஸ் என்ற காட்டு இனமும் எப்போதோ இயற்கையாகக் கலந்ததில் பிறந்தது, இரண்டின் சொத்தையும் முழுசாக வைத்துக்கொண்டது.

இதைப் படித்த கணத்தில் காப்பிச் சரித்திரத்தின் வீரக்கதைகள் எல்லாம் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தன. ஏமனிலிருந்து பாபா புதன் ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்கிறோமே, அவை அரபிகா என்பதால் ஏழு போதும். ஏழில் ஆறு அழுகியிருந்தாலும் தோட்டம் எழுந்திருக்கும். 1714-ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் பதினான்காம் லூயிக்கு ஒரு காப்பிச் செடியைப் பரிசளித்தார்கள். அந்த வழியில் வந்த நாற்றைத்தான் 1720-களில் டி கிளியூ என்ற படை அதிகாரி மார்டினிக் தீவுக்குக் கப்பலில் கொண்டுபோனார். நடுக்கடலில் தண்ணீர் தட்டுப்பாடு வந்தபோது தன் பங்குத் தண்ணீரைச் செடிக்கும் ஊற்றியதாக அவரே எழுதிவைத்திருக்கிறார். மனிதர் கொஞ்சம் மிகைப்படுத்தியிருக்கலாம், போகட்டும். அவர் கையில் இருந்தது ஸ்டெனோஃபில்லாவாக இருந்தால், அத்தனை தாகமும் வீண். தீவில் தனிமரமாக நின்று பூத்து ஓய்ந்திருக்கும். பாதிப் பெருமை ஆசாமிகளுக்கு, மீதி அரபிகாவுக்கு என்று பிரித்துக் கொடுப்பதே நியாயம்.

மூவர் கதைக்கு வருவோம். ஒற்றைச் செடியால் பயனில்லை என்று அவர்களுக்குத் தெரியும். கிழக்கே கெனமா பக்கம் காம்புயி மலைக்குப் போனார்கள். அங்கே ஒரு கூட்டமே இருந்தது.

இனி ருசி, இடம் இருக்கும்வரை. லண்டனில் சுவைத்துப் பார்த்த நிபுணர்கள் 80.25 மதிப்பெண் போட்டார்கள். 80 தாண்டினாலே உயர்ரகக் காப்பி என்பது தொழில் கணக்கு. பிரான்ஸின் மோன்ட்பெலியேவில் இன்னது என்று சொல்லாமல் கொடுத்தபோது நடுவர்களில் 81 சதவீதம் பேர் அரபிகா என்றே நினைத்தார்கள். இத்தனைக்கும் இது வளரும் இடங்களின் சராசரி வெப்பம் 24.9 டிகிரி, அரபிகா நாடுகிற குளுமையைவிட 6.8 டிகிரி வரை அதிகம். வெயில் ஏறிவரும் காலத்தில் விஞ்ஞானிகள் இதைச் சுற்றிச்சுற்றி வருவதன் காரணம் அந்த எண்தான்.

இவ்வளவு ருசியுள்ளதை விட்டுவிட்டு சியரா லியோன் விவசாயிகள் ஏன் ரோபஸ்டாவுக்குப் போனார்கள்? இந்த வாரமே எழுதியிருக்க வேண்டியது. டி கிளியூ இடத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த இதழில்.