திருக்குளமும் நீர்ச்செடிகளும்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒருங்கு வைத்துப் போற்றினர் நம் முன்னோர். திருவாரூரில் கோயிலும் கமலாலயத் திருக்குளமும் செங்கழுநீரோடையும் ஐந்தைந்து வேலிப் பரப்புடையன என்பது வழிவழி வந்த வழக்கு. ஐந்து வேலி ஏறக்குறைய 33 ஏக்கர் ஆகும். அங்குக் குளத்திற்கும் ஓடைக்கும் நீர்ப்பூக்களே பெயராய் அமைந்தன. நீர்ச்செடிகள் குளத்திற்கு அழகு செய்வன என்பதை யாவரும் அறிவர். நீரைத் தூய்மை செய்வன என்பதை அறிந்தோர் சிலரே.

தெளிந்த நீர் பச்சைக் குழம்பாவது எவ்வாறு? அன்பர்கள் இடும் பொரி, கழித்த மாலை, சலவைத்தூளின் நுரை, தெருச் சாக்கடையின் கசிவு ஆகியவை தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நீரில் சேர்க்கின்றன. வயலுக்கு உரமாவன குளத்திற்கு நஞ்சாகின்றன. ஒரு கிராம் மணிச்சத்து, உலர்ந்த எடையில் சுமார் 100 கிராம் பாசியை வளர்க்க வல்லது. அப்பாசி பகலில் உயிர்வளியை வெளியிடினும், இரவில் தானே அதனை உட்கொள்கிறது. மடிந்து அழுகும்போதும் உயிர்வளி குறைகிறது. ஆதலின் விடியற்போதில் மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து நிற்கும். பொரிக்கு வந்தன என்றெண்ணி மேலும் ஒரு பிடி இடுவாரும் உளர். அவை நாடி வந்தது உணவன்று, மூச்சே.

தாமரையும் அல்லியும் சேற்றில் வேரூன்றிச் சத்துகளை ஈர்க்கின்றன. அகன்ற இலைகளால் வெயிலை மறைத்துப் பாசியை அடக்குகின்றன. அபிடேக நீருக்கு மணமூட்டும் வெட்டிவேரையும் மூங்கில் மிதவைகளில் நட்டு, வேர் நீருள் தொங்குமாறு வளர்க்கலாம். அடர்ந்த அவ்வேர்களில் தங்கும் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்க, வேர் சத்துகளை உறிஞ்சிக்கொள்ளும்.

வெங்காயத் தாமரையோ வேறு வகை. இதனை ஆகாயத் தாமரை என்றும் வழங்குவர். பழைய ஆகாயத் தாமரை கோசுக்கீரை போல் இலை விரியும் வேறொரு செடி. தென்னமெரிக்காவினின்று வந்த வெங்காயத் தாமரை சத்துகளை விரைந்து உண்ணும். ஏற்ற சூழலில் இரு வாரங்களில் இரு மடங்காகும். குளம் முழுதும் மூடிவிட்டால் காற்றும் ஒளியும் நீருள் புகா. ஆகவே திருக்குளத்தில் இதனை விடாதிருத்தலே நன்று.

எச்செடியாயினும் அறுத்து அகற்றினால்தான் பயன் முற்றும். தழைச்சத்தின் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் வளியாகி வெளியேறக்கூடும். மணிச்சத்திற்கு அவ்வழி இல்லை. செடி குளத்திலேயே அழுகின், உண்டதனைத்தையும் நீருக்கே திருப்பித் தந்துவிடும். இலை பழுக்குமுன் அறுத்தல் வேண்டும். அறுத்ததைப் படித்துறையில் குவித்தால் மழையில் சாறு வடிந்து மீண்டும் குளத்தையே சேரும். அப்பாற் கொண்டு சென்று மட்கவைத்தால் நந்தவனத்திற்கு உரமாம். ஆலைக்கழிவு கலந்த நீரில் வளர்ந்த செடியாயின் அதனை உரமாகவோ ஆவினத்திற்குத் தீவனமாகவோ கொள்ளலாகாது.