கடல் இல்லாத ஊரில் கடல் சேதி!

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். கடலைப் பார்க்க வேண்டுமா? கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் போக வேண்டும்! ஆனாலும், "குமரிக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு... மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்று ரேடியோ சொன்னால், இந்த ஊர் விவசாயிகளும் காதைத் தீட்டிக்கொள்வார்கள். ஏன் தெரியுமா? அந்தத் தாழ்வு இந்தப் பக்கம் நகர்ந்தால் மலையில் மழை கொட்டும், கண்மாய் நிரம்பும். மழை கடலிலிருந்து வருகிறது என்பது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதுசும் இல்லை. மேகம் கடலுக்குள் புகுந்து நீரை மொண்டு வருவதை, திருப்பாவையின் நாலாவது பாட்டிலேயே ஆண்டாள் பாடிவிட்டார்!

கப்பல்களுக்காக நம் வானிலைத் துறை இரண்டு வகை அறிக்கை தயாரிக்கிறது. கரையிலிருந்து 75 கிலோமீட்டர் வரைக்கும் ஒன்று. அதற்கு அப்பால் உள்ள ஆழ்கடலுக்கு இன்னொன்று. முன்பெல்லாம் இவற்றைக் கரையோர வானொலி நிலையங்கள் 'டிட்... டா... டிட்...' என்று மோர்ஸ் ஒலியில் அனுப்பும். சென்னை நிலையத்தின் அழைப்புப் பெயர் வி.டபிள்யூ.எம். கப்பலில் ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாகக் குறித்துக்கொள்வார். 1999 பிப்ரவரி 1 முதல் பெரிய கப்பல்களில் மோர்ஸுக்குப் பதில் செயற்கைக்கோள் உள்ளிட்ட புதிய கருவிகள் வந்துவிட்டன.

நடுக்கடலுக்கு ரேடியோ எப்படி எட்டுகிறது? இங்கேதான் இருக்கிறது சிற்றலையின் வித்தை!

எஃப்.எம். அலை டார்ச் வெளிச்சம் மாதிரி, நேராகப் போகும். பூமி உருண்டையாக இருப்பதால் கொஞ்ச தூரத்திலேயே நம்மை விட்டு மேலே போய்விடும். பாம்பனில் மீனவர்களுக்காகவே 2016-ல் 'கடல் ஓசை' என்ற எஃப்.எம். சமுதாய வானொலி தொடங்கினார்கள். அது ராஜபாளையத்தில் கேட்காது. சிற்றலை அப்படி இல்லை. கேரம் போர்டில் ஸ்டிரைக்கர் கட்டையில் பட்டுத் திரும்புமே, அதுபோல! வானத்தில் 100 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் இருக்கிறது. சிற்றலை அங்கே மோதி, மறுபடி பூமிக்கு இறங்கும். இப்படித் தாவித் தாவி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். இடையில் மலை இருந்தாலும் கவலை இல்லை!

எட்டுகிற தூரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒக்கி புயல் காட்டியது. 2017 நவம்பர் 29-ல் இலங்கைக்குப் பக்கத்தில் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாளே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர் பகுதி மீனவர்கள் பல நூறு கிலோமீட்டர் தாண்டிப் போய், வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிப்பவர்கள். செல்போன் கரையோரத்தோடு சரி. படகில் உள்ள வாக்கிடாக்கியும் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் பேசாது. எச்சரிக்கை போய்ச் சேராத படகுகள் புயலில் சிக்கின. பலர் வீடு திரும்பவே இல்லை.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. பெரிய புயலுக்குத்தான் 11 என்று நினைக்கிறீர்களா? இல்லை! 'வானிலை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது' என்பதுதான் அதன் அர்த்தம். நடுக்கடலில் இருந்த அந்தப் படகுகளுக்கு அன்றைக்கு 11-ம் எண்தான்.

2019-ல் 'ஜெமினி' என்ற கருவியை அறிமுகம் செய்தார்கள். செயற்கைக்கோள் அனுப்பும் எச்சரிக்கையை வாங்கி, மீனவரின் செல்போனில் அது காட்டும். ஆனால், அதன் வழியாகப் பதில் பேச முடியாது. பழைய சிற்றலை ரேடியோவும் அப்படித்தான், கேட்க மட்டுமே முடியும்!

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். வீட்டில் பழைய டிரான்சிஸ்டர் இருக்கிறதா? ஐப்பசி, கார்த்திகையில் ஒரு சாயங்காலம் மத்திய அலையிலோ சிற்றலையிலோ நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் முள்ளை வையுங்கள். எங்கோ மின்னல் வெட்டினால் 'டர்ர்ர்' என்று பெட்டி கரகரக்கும். மின்னலும் ரேடியோ அலையை உண்டாக்குகிறதே! இடிச் சத்தம் காதுக்கு எட்டாத தூரத்து மின்னலையும் பெட்டி பிடித்துவிடும். கரகரப்புக்குப் பின் இடி கேட்டால், இடையில் எத்தனை நொடி என்று எண்ணி மூன்றால் வகுங்கள். மின்னல் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் என்று தெரிந்துவிடும். இடி கேட்கிறது என்றால் மொட்டை மாடியில் நிற்கக் கூடாது. ஏரியல் கம்பியை வெளியே நீட்டவும் கூடாது. பெட்டியோடு வீட்டுக்குள் ஓடி வந்துவிடுங்கள்!