மேற்காபிரிக்கக் காப்புக் காடுகளில் மரவினங்களை அளக்கும் முறை

அயனமண்டலக் காடுகளைப் பற்றி எழுதுவோர், அங்குள்ள மரவகைகள் எண்ணிலடங்கா என்று கூறி அமைந்துவிடுதல் வழக்கம். புலவர்க்கு அது போதும். எக்காட்டைக் காப்பது, எதனை மரந்தறிப்போர் கையில் விடுவது என்று முடிவு செய்யவேண்டிய அரசினர்க்கு அது போதாது. அன்னார்க்கு எண் வேண்டும். அவ்வெண் பெறப்படும் வகையையும், அது எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதையும் மேற்காபிரிக்கக் காடுகள் சிலவற்றைக் கொண்டு யாம் ஈண்டு விளக்க முயல்வாம்.

சியெரா லியோன் முதல் கானா வரை ஒருகாலத்திற் பரந்துகிடந்த மழைக்காடு இன்று துண்டு துண்டாகவே எஞ்சியுள்ளது. மரவாணிகமும் கொக்கோச் செய்கையும் அதனை அரித்துவிட்டன. எஞ்சியவற்றுட் பெரியது ஐவரி கோஸ்ற் நாட்டிலுள்ள தாயி என்னும் வனமாகும். அது 1972இல் தேசிய வனமாக்கப்பட்டு, 1982இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. கானாவின் அங்காசா, காக்கும் என்பனவும், அவற்றிற்குக் கிழக்கே வெகுதொலைவில், கமரூனின் நைஜீரிய எல்லையை அடுத்த கோருப் வனமும் ஆய்வாளர் நன்கறிந்த ஏனைய காடுகளாம்.

ஆய்வின் முதற்பணி நிலத்தை அளந்து எல்லை கட்டுதல். பெரும்பாலும் ஓர் எக்டேயர், அஃதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் நிலத்தைக் குறித்து, அதனை 20 மீற்றர்ச் சதுரங்களாகக் கயிறு கட்டிப் பிரிப்பர். கல்லூரிப் புற்றரையிலே சதுரச் சட்டத்தை எறிந்து பூண்டுகளை எண்ணிய பழைய மாணவர்கட்கு இம்முறை புதிதன்று. இங்கே சட்டம் பெரிது, பூண்டும் நூற்றைம்பது அடி உயரமானது, அவ்வளவே. ஒவ்வொரு தண்டையும் தரையிலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் நாடாவால் அளந்து, எண் பொறித்த சிறு தகட்டைக் கட்டுவர். அவ்வுயரத்திற் பலகைவேர்கள் புடைத்து நிற்குமாயின், ஏணி சார்த்தி அவற்றுக்கு மேலே அளத்தல் வேண்டும். இல்லையேல் மரம் பொய்யாகப் பருத்துவிடும்.

அளத்தலினும் பெயரறிதலே அரிது. இலைகள் முப்பது நாற்பது மீற்றர் உயரத்திலுள்ளன. மலர்களோ ஆய்வாளர் செல்லுங் காலத்தில் இருப்பதரிது. எனவே பட்டையைச் சிறிது செதுக்கி, உள்ளே தோன்றும் நிறத்தையும் மணத்தையும் கசியும் பாலையும் நோக்குவர். கவணெறிந்து இலைக்கொத்து வீழ்த்துவதும், மரமேறிகளை ஏற்றிப் பறிப்பிப்பதும் உண்டு. அவ்வூர்க் காட்டில் வளர்ந்தவர் ஒருவர் உடன் செல்லாவிடின் பட்டம் பெற்ற தாவரவியலாரும் திகைப்பர் என்பதில் எமக்கு ஐயமில்லை. நம் நாட்டில் வேலியோரத்தும் காணும் இலவமரம் அக்காடுகளுக்கு இயல்பாகவே உரியது. அதனை இனங்காணல் எளிது. ஆனால் ஒரே சாகியத்தைச் சேர்ந்த பத்து இனங்கள் ஒன்றையொன்று ஒத்து நிற்குமிடத்தே தவறு நேரும். ஓரினம் இரு பெயர் பெற்றால் காடு செல்வம் மிக்கதாகத் தோன்றும். ஈரினம் ஒரு பெயர் பெற்றால் அரியதொன்று ஒருவரும் அறியாமலே மறையக்கூடும். ஐயமுள்ள மாதிரிகளை உலர்த்தித் தாவரச் சேமகத்துக்கு அனுப்புதல் இதனாலேயாம்.

இனி, எண்ணின் இயல்பைக் காண்போம். கோருப் வனத்தில் 50 எக்டேயர் நிலத்தைக் குறித்து, 1996 முதல் 1999 வரை ஒரு சென்ரிமீற்றர் விட்டமுள்ள கன்று ஈறாக யாவற்றையும் அளந்தனர். ஏறத்தாழ 329,000 மரங்கள், 494 இனங்கள் கணக்கில் வந்தன. அதே முறைப்படி நமது சிங்கராசக் காட்டில் 1993இல் வகுக்கப்பட்ட 25 எக்டேயர் நிலத்தில், ஏறத்தாழ இரண்டு இலட்சம் மரங்களுள் இருநூற்றுச் சில இனங்களே உள. கோருப் இருமடங்கு செல்வமுடையது என்று இதனால் முடிபு கூறலாமோ? அங்கே அளந்த நிலமே இருமடங்காயிற்றே! நிலம் பெருகினால் இனம் பெருகும். ஆயின் அதே விகிதத்திற் பெருகாது. பொது மரங்கள் முதற் சில சதுரங்களிலேயே வந்துவிடும்; பின்னர் வருவன அரியனவே.

இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கப் பயன்படும் அளவுகளுள் ஒன்று, 1943இல் பிஷர் என்னும் கணிதவறிஞர், வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் ஆராய்ந்த இருவருடன் கூடிக் கண்ட அல்பா எண். அது எண்ணப்பட்ட மரத்தொகையையும் இனத்தொகையையும் ஒருங்கே கருதுவது. யாம் கணித்துப் பார்த்தவிடத்துக் கோருப்புக்கு ஏறத்தாழ 57உம், சிங்கராசத்துக்கு 23க்கு அண்மையிலும் வந்தன. நிலவளவின் வேற்றுமையைக் கழித்த பின்னும் கோருப் முந்தியே நிற்கின்றது.

1949இல் சிம்சன் கூறிய அளவு வேறொன்றைக் கேட்கும்: கண்ணை மூடி இரு மரங்களைத் தொட்டால் அவை ஓரினமாதற்கு வாய்ப்பு எவ்வளவு? பத்து இனங்கள் பத்துப் பத்தாக நிற்கும் நூறு மரத் தோப்பில் அது பத்தில் ஒன்றளவே. ஓரினம் 91 ஆகவும் ஏனைய ஒன்பதும் ஒவ்வொன்றாகவும் நிற்பின், நூற்றில் 83 ஆகிவிடும். இரண்டிலும் இனத்தொகை பத்தே.

எனினும் இவ்வளவைகள் யாவும் ஒரு குறையுடையன. எல்லா இனத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பன அவை. தறிக்கப்பட்ட வெளியில் முசங்கா போன்ற விரைந்து வளரும் மரங்கள் வந்து புகும். பழைய மரங்களும் சில எஞ்சிநிற்கும். ஆதலால் சிதைந்த காடு சிலகாலம் எண்ணிக்கையில் உயர்ந்தும் காணப்படலாம். அவ்வெண்ணை நம்பி அதனைக் காத்து, அரிய இனங்களைக் கொண்ட காட்டை விற்றுவிட்டால் இழப்பு மீளாது. கானாவில் ஹோதோர்ன், அபூ-ஜுவாம் என்னும் இருவர் 1995இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு வழி காட்டினர். உலகிலேயே அரிதான இனத்துக்குக் கரு நட்சத்திரமும், அதனினும் சற்றுப் பரந்ததற்குப் பொன்னும், அடுத்ததற்கு நீலமும், எங்குங் காணப்படுவதற்குப் பச்சையும் அளித்தனர். முதல் மூன்றுக்கும் முறையே 27, 9, 3 என மதிப்பிட்டனர், பச்சைக்கு மதிப்பில்லை. இம்மதிப்புக்களின் சராசரியே காட்டின் தரம். இனத்தொகை குறைந்த காடு, கூடிய காட்டைத் தரத்தில் விஞ்சவும் கூடும். எம் கருத்தில், ஆட்சியாளர் மேசைமீது வைக்கத்தக்க அளவை இதுவே.

ஒருமுறை எண்ணுதலோடு பணி முடிவதில்லை. காப்புக் காடு என்று ஏட்டில் எழுதப்பட்ட நிலங்கள் பலவற்றில், சிறப்பாக ஐவரி கோஸ்ற்றில், கொக்கோ புகுந்துவிட்டது. ஆதலின் சில ஆண்டுகளுக்கொருமுறை அதே சதுரங்களுக்கு மீண்டுஞ் சென்று, தகடு தகடாகத் தேடி அளக்கின்றனர். புதிதாகத் தலையெடுத்த கன்றுகளுக்குப் புதிய எண் கொடுக்கப்படும். தகடு நிலத்திற் கிடந்து மரம் இல்லாதவிடத்து, தானே பட்டதோ தறிக்கப்பட்டதோ என்று அடிக்கட்டையைப் பார்த்துக் குறிப்பேட்டிற் பதிவர்.