சொற்களின் பயணம் – 14: நடக்கும் ஆம்புலன்ஸ்

சென்ற வாரம் சீன எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து சொல்லாவதைப் பார்த்தோம். அந்த வசதியில் வளர்ந்த ஒருவர் உயர்நிலை ஆங்கிலச் சொற்களுக்குள் நுழையும்போது என்ன ஆகிறது? சீனத்தில் சிறுநீரகத்துக்கு ‘ஷென்’, அழற்சிக்கு ‘யென்’. ஆங்கிலம் நெஃப்ரைட்டிஸ் என்கிற நோய் அங்கே ‘ஷென்யென்’. கல்லீரல் ‘கான்’, எனவே ஹெபடைட்டிஸ் ‘கான்யென்’. எழுத்து தெரிந்த பள்ளிப் பிள்ளைகூட இதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும். ஆங்கிலத்திலோ உறுப்பின் பெயர் கிட்னி, அதன் அழற்சிக்குக் கிரேக்கத்திலிருந்து வந்த நெஃப்ரைட்டிஸ், அதைச் சார்ந்தது என்று சொல்ல லத்தீனிலிருந்து வந்த ரீனல். ஓர் உறுப்புக்கு மூன்று வேர்கள், ஒன்றுக்கொன்று முகச்சாயலே இல்லை. சீன மாணவர்கள் இங்கே தடுமாறுவதற்கு நினைவாற்றல் குறைவைக் காரணம் சொல்வது தவறு. சில ஆயிரம் எழுத்துகளை மனத்தில் ஏற்றியவர்களுக்கு அது குறைவாக இருக்க முடியாது. சொல்லைப் பிரித்துப் படித்தே பழகியவர்களிடம் ஆங்கிலச் சொல்லை மட்டும் முழுசாக விழுங்கச் சொல்வதுதான் சிக்கல்.

விழுங்கும் வழிக்கு அங்கே பெரிய சந்தையே உண்டு. யூ மின்ஹோங் 1993-ல் பெய்ஜிங்கில் தொடங்கிய நியூ ஓரியண்டல் பயிற்சி நிறுவனமும், மாணவர்கள் ‘சிவப்புப் புத்தகம்’ என்றழைக்கும் அமெரிக்க மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வான ஜிஆர்இக்கு அவர் எழுதிய சொல் நூலும் ஒரு தலைமுறையையே அமெரிக்கப் பல்கலைக்கழகக் கனவோடு உட்காரவைத்தன. அகரவரிசைப் பட்டியல்களில் முதலில் நிற்கும் சொல் பெரும்பாலும் ‘அபாண்டன்’, அதாவது கைவிடு. பலர் அதோடு கைவிட்டுவிடுவதாக மாணவர்களே சொல்லிக்கொள்வார்கள். ஒலியைப் பிடித்து மனப்பாடம் செய்யும் வழியும் உண்டு. ஆம்புலன்ஸை ‘ஆன் பு நெங் ஸ’ என்று சீனமாக உச்சரித்தால் ‘நான் சாகக் கூடாது’ என்று பொருள் வரும். ஒருமுறை கேட்டவருக்கு மறக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சரடு அந்த ஒரு சொல்லோடு அறுந்துபோகிறது.

ஆம்புலன்ஸின் உள்ளே இருப்பது ‘நட’ என்று பொருள்படும் லத்தீன் வினை. படையோடு கூடவே நகர்ந்த மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘நடக்கும் மருத்துவமனை’ என்றார்கள், அதன் மிச்சமே இந்தச் சொல். அதே வேரில்தான் ப்ரியாம்பிள் வருகிறது, நூலுக்கு முன்னே நடந்து வருவது. தூக்கத்தில் நடக்கும் சோம்னாம்புலிஸ்டும் வருகிறார். இந்தப் பழக்கத்துக்குச் சீனச் சொல் ‘மெங்யோவ்’, கனவும் உலாவலும் சேர்ந்தது. சொல்லைக் கட்டும் முறை இரண்டு மொழியிலும் ஒன்றே. சீனத்தில் கட்டு வெளியே தெரிகிறது, ஆங்கிலத்தில் அதன்மேல் பூச்சு பூசியிருக்கிறது. ஆகவே கிரேக்க, லத்தீன் வேர்களைச் சீன எழுத்துகளைப் போலவே, பொருளுள்ள தனி உருக்களாகக் கற்பிக்க வேண்டும் என்பது என் வாதம்.

வேர்களை விளக்கும் நூல்கள் சீனாவில் ஏற்கெனவே இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் அவற்றில் வேர் பெரும்பாலும் பட்டியலுக்கு ஊன்றுகோலாகவே நிற்கிறது. மனப்பாடம் நல்ல மதிப்பெண் தந்ததே என்றால், 2011 வரை ஜிஆர்இ தேர்வில் தனிச்சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்டார்கள். அதற்குப் பட்டியல் போதும், கட்டுரை எழுதப் போதாது. வேர் ஏமாற்றும் என்பது இவற்றைவிட வலுவான மறுப்பு. பெடஸ்ட்ரியனில் இருப்பது லத்தீன் கால், பீடியாட்ரிஷியனில் இருப்பது கிரேக்கக் குழந்தை. ஆனால் இந்த ஏமாற்றம் சீனருக்குப் புதிதல்ல. அவர்கள் மொழியில் கிழக்கும் மேற்கும் சேர்ந்த ‘தோங்ஷி’ என்றால் பொருள், சாமான். ‘குதிரைமேல்’ என்று பிரியும் ‘மாஷாங்’ என்றால் உடனே. உறுப்புகளை நம்பலாம், ஆனால் முழுக்க நம்பக் கூடாது என்ற பக்குவம் அவர்களுக்குச் சிறுவயதிலேயே வந்துவிடுகிறது.

வேரால் ஆகாதது ஒன்று உண்டு, ஒத்துக்கொள்ள வேண்டும். நாம் கனமழை என்பதைச் சீனர் பெரிய மழை என்பார், ஆங்கிலத்துக்கும் மழை கனமானதே. எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்பதை எந்த வேரும் சொல்லாது. அதனால் வேரோடு சேர்க்கையையும் கற்பிக்க வேண்டும். மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் உள்ளன. அவற்றில் கண்டக்ட், டெட்யூஸ், இன்ட்யூஸ் மூன்றிலும் ‘நடத்திச் செல்’ என்ற ஒரே லத்தீன் வினை ஒளிந்திருக்கிறது. சீனத்தில் அதற்கு நேர்நிகர் ‘தாவ்’. வழிகாட்டி, திரைப்பட இயக்குநர், ஆய்வு நெறியாளர் மூவரின் பெயரிலும் அந்த எழுத்து உண்டு. செமிகண்டக்டர் அங்கே ‘பான்தாவ்தி’: பாதி, நடத்து, உடல். மாணவரின் நோட்டில் ‘தாவ்’ எழுத்தைத் தலைப்பாக்கி, கீழே இந்த மூன்று சொற்களையும் எழுதி, கண்டக்டுக்குப் பக்கத்தில் அதனோடு அடிக்கடி வரும் ஆய்வையும் பரிசோதனையையும் எழுதவைத்தால், ‘செய்’ என்ற வினையை எல்லா இடத்திலும் போட்டுத் தொலைக்கும் பிழை அந்தப் பக்கத்திலேயே குறையத் தொடங்கும்.